கடலில் தூண்டில் போடப் போறீங்களா? எந்த மீனுக்கு எந்த இரை?

தூண்டில் கடைக்குள் முதல்முறை நுழைந்தால் கொஞ்சம் தலைசுற்றும். ஒரு சுவர் முழுக்க மின்னும் பிளாஸ்டிக் மீன்கள். பக்கத்தில் ரப்பர் புழுக்கள், உலோகத் தகடுகள், இறால் போலவே இருக்கும் பொம்மைகள். குளிர்பெட்டியில் உறைந்த கணவாய். ஓரத்தில் உள்ள தொட்டியில் உயிரோடு நீந்தும் இறால்.

"எது நல்ல இரை?" என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். கையில் இருக்கும் காசுக்குப் பார்க்க அழகாக இருப்பதை வாங்கிக்கொண்டு போவீர்கள். நாலு மணி நேரம் வெயிலில் நின்றும் ஒரு மீன்கூடக் கடிக்காது. பக்கத்தில் ஒரு பாட்டையா சந்தையில் வாங்கிய இறாலைப் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக மேலே இழுப்பார்.

அவர் அதிர்ஷ்டக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். "நான் தேடும் மீன் தன் சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" இதற்குப் பதில் தெரிந்தால் இரையைத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயமே இல்லை.

சிங்கப்பூர்க் கரையோரத்தில் தூண்டில் போட நினைப்பவர்களுக்காக, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மீன் எப்படிச் சாப்பாட்டைத் தேடுது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வாசனை. மீனுக்கு மூக்குத்துளைகள் உண்டு. ஆனால் அவை மூச்சு விடுவதற்கு இல்லை. தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக உள்ளே போய் வெளியே வரும்போது, அதில் கரைந்திருக்கும் வாசனையை மீன் உணர்கிறது. கெளுத்தி மீனின் மீசையைப் பார்த்திருப்பீர்கள். அதில் சுவையை உணரும் மொட்டுகள் இருக்கின்றன. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு தரையைத் தடவிப் போவது மாதிரி! கலங்கிய தண்ணீரிலும் நடுராத்திரியிலும் அது சாப்பாட்டைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

இரண்டாவது, அதிர்வு. மீனின் உடம்பின் இரு பக்கமும் தலையிலிருந்து வால்வரை ஒரு மெல்லிய கோடு ஓடும். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். அருகில் தண்ணீர் அசைந்தால் அது உணர்ந்துவிடும். இறால் துள்ளினாலும் சின்ன மீன் வாலை ஆட்டினாலும் கண்ணால் பார்க்காமலே வேட்டை மீனுக்குத் தெரியும்.

மூன்றாவது, பார்வை. மேல்மட்டத்தில் வேகமாக நீந்தி வேட்டையாடும் பாறை மீன், தலாங் போன்றவை கண்ணை அதிகம் நம்புபவை. மின்னும் செதில், ஓடும் சின்ன மீன் கூட்டம் போன்றவை அவற்றை இழுக்கும்.

பெரும்பாலான மீன்கள் இந்த மூன்றையும் பயன்படுத்தும். எதை அதிகம் நம்புகிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால் இரையை வாசனை இரை, அசையும் இரை, பார்வைக்கான இரை என்று மனசுக்குள் மூன்று பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம கடல் எப்படிப்பட்டது?

வெளிநாட்டுக் காணொளிகளில் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரில் மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டு அதே இரையை இங்கே வாங்கினால் ஏமாற்றம்தான். சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல் பெரும்பாலும் கலங்கலானது. இங்கே கண்ணைவிட மூக்குக்கும் பக்கக்கோட்டுக்கும் வேலை அதிகம்.

அதிலும் வடக்கும் தெற்கும் ஒன்று இல்லை. வடக்கே இருப்பது ஜொகூர் நீரிணை. குறுகலானது, ஆறுகள் வந்து கலக்கும் இடம், சதுப்புநிலக் காடுகள் உள்ள கரை. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் குறுக்கே இருப்பதால், தண்ணீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓட முடியாது. சேறும் கலங்கலும் சாதாரணம். உட்லண்ட்ஸ், செம்பவாங், பொங்கோல், பாசிர் ரிஸ் பக்கம் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தெற்கே இருப்பது சிங்கப்பூர் நீரிணை. திறந்த கடல், வலுவான நீரோட்டம், கற்சுவர்கள், ஆங்காங்கே பவளப்பாறை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலுக்குள் சுமார் 250 மீட்டர் நீளும் பிடோக் படகுத்துறை இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அடுத்தது ஓதம். இங்கே பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அப்போது நீரோட்டம் வேகமாக இருக்கும், அடியில் உள்ள சேறு கிளம்பும். அரை நிலா நாள்களில் ஓட்டம் மெதுவாகி, தண்ணீர் ஓரளவு தெளியும்.

இதை இரையோடு பொருத்திப் பாருங்கள். கலங்கல் அதிகம், ஓட்டம் வேகம் என்றால் வாசனை இரைக்கு வாய்ப்பு அதிகம். ஓடும் தண்ணீர் வாசனையைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். தண்ணீர் கொஞ்சம் தெளிந்து, ஓட்டம் மிதமாக இருந்தால் செயற்கை இரைக்கு நல்ல நேரம். ஓதம் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது கடி குறைவது வழக்கம். அப்போது இரையை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம்.

ஈரச்சந்தையில் கிடைக்கும் இரை

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சுலபமான வழி இதுதான். விலையும் குறைவு, கிடைப்பதும் எளிது.

இறால்: நம் கரையோரத்தில் இறாலைச் சாப்பிடாத மீன் குறைவு. ஓட்டோடு போட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். ஓட்டை உரித்தால் வாசனை சீக்கிரம் பரவும், ஆனால் குட்டி மீன்கள் கொத்திக் கொத்திக் காலி செய்துவிடும். கிழங்கான் போன்ற சிறிய வாய் உள்ள மீனுக்கு உரித்த இறாலில் சின்னத் துண்டு போதும். பெரிய மீன் வேண்டுமென்றால் முழு இறால்.

கணவாய், அதாவது சோத்தோங்: இதன் பலமே சதையின் உறுதி. சின்ன மீன்கள் கொத்தினாலும் முள்ளைவிட்டு எளிதில் கழன்று வராது. விரல் நீளத்துக்கு மெல்லிய பட்டையாக வெட்டுங்கள். ஒரு முனையில் மட்டும் முள்ளைக் கோத்து மறுமுனையைத் தொங்கவிடுங்கள். ஓட்டத்தில் அது படபடவென்று ஆடும். வாசனையும் அசைவும் ஒரே இரையில் கிடைத்துவிடும். பலர் பட்டையைச் சுருட்டிச் சுருட்டி முள்ளில் திணிப்பார்கள். அப்படிச் செய்தால் ஆட்டம் போய்விடும்.

மீன் துண்டு: சாளை, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களின் வாசனை தண்ணீரில் நன்றாகப் பரவும். திருக்கை, கெளுத்தி, அடித்தரையில் தேடித் தின்னும் பல மீன்களுக்கு ஏற்றது. சதை மிருதுவானது என்பதால் தோலோடு வெட்டி, தோல் வழியாக முள்ளைக் குத்துங்கள்.

ஒரு சின்ன யோசனை: முதல் நாள் இரவே இரையில் உப்பைத் தூவிக் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பு ஈரத்தை இழுத்துவிடுவதால் சதை இறுகும், முள்ளில் நன்றாக நிற்கும். "அழுகினால்தான் வாசனை வரும்" என்று வெயிலில் போட்டுவைக்க வேண்டாம். குழைந்த இரை தூண்டிலை வீசும்போதே பறந்துவிடும்.

உயிர் இரை எப்போது?

பதுங்கி இருந்து பாயும் மீனுக்கு உயிர் இரை. சியாகாப், கலவா, ஜெனாஹாக் எல்லாம் இந்த வகை. கொடுவா என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்வதும் பேரங்காடியில் சியாகாப் என்று விற்பதும் ஒரே மீன்தான். தூணின் நிழலிலோ வேருக்கு இடையிலோ அசையாமல் நிற்கும். இரை அருகில் வந்ததும் வாயைப் படாரென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அதற்குத் தேவைப்படுவது துள்ளும் ஒரு இறாலின் அதிர்வு.

உயிர் இறாலின் தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். அதைக் குத்தினால் உடனே செத்துவிடும். அந்தப் புள்ளிக்கு முன்னால், கொம்பின் அடிப்பகுதியில் முள்ளை நுழைக்கலாம். அல்லது வாலுக்கு அருகில் குத்தலாம். ஈயக்குண்டைச் சிறிதாக வைத்தால் இறால் இயல்பாக நீந்தும். கனமான குண்டைக் கட்டித் தரையோடு அழுத்திவிட்டால் உயிர் இரைக்குக் கொடுத்த காசு வீண்.

சின்ன மீனையும் உயிர் இரையாகப் பயன்படுத்துவார்கள். அதைப் பிடிக்க அப்பொல்லோ என்று இங்கே அழைக்கப்படும் நரம்பு உதவும். ஒரே நரம்பில் வரிசையாகப் பல குட்டி முட்கள், ஒவ்வொன்றிலும் பளபளக்கும் சிறு இழை. கூட்டமாக வரும் தம்பான், செலார் போன்றவை அதை மிதக்கும் உணவு என்று நினைத்துக் கடிக்கும். இரை தேடப் போனவர்கள் அந்தச் செலாரையே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்த கதையும் உண்டு.

கடற்புழுவும் நல்ல இரைதான். கிழங்கான் மீனுக்கு இதைவிடப் பிடித்தது குறைவு. ஆனால் புழுவுக்காகக் கடற்கரைச் சேற்றைத் தோண்டாதீர்கள். வற்றத்தில் வெளியே தெரியும் அந்தத் தரையில் நண்டு, சிப்பி, கடல்புல் என்று ஏராளமான உயிர்கள் இருக்கின்றன. தோண்டிய குழி அவற்றின் வீட்டை இடித்த மாதிரி. வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள்.

செயற்கை இரை: அழகைப் பார்க்காதீங்க, ஆட்டத்தைப் பாருங்க

1936இல் பின்லாந்தைச் சேர்ந்த லவுரி ராப்பாலா என்ற மீனவர் ஒன்றைக் கவனித்தார். பெரிய மீன், கூட்டத்தில் நன்றாக நீந்தும் மீன்களைவிட, தள்ளாடி நீந்தும் அடிபட்ட குட்டி மீனைத்தான் குறிவைத்தது. தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளைச் சுற்றி, அதேபோல் தள்ளாடும் ஒரு பொம்மை மீனைச் செய்தார். இன்று உலகம் முழுக்க விற்கும் ராப்பாலா இரைகளின் தொடக்கம் அதுதான்.

அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. செயற்கை இரைக்கு வாசனை இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆகவே அது மீனைக் கவர வேண்டியது அசைவால். அந்த அசைவைக் கொடுப்பது உங்கள் கை. இரையை வீசிவிட்டுக் கைபேசியைப் பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

முக்கியமான வகைகள் இவை:

மெட்டல் ஜிக்: மீன் வடிவ உலோகத் துண்டு. கனமானது, தூரம் போகும், சீக்கிரம் மூழ்கும். படகுத்துறையிலிருந்து நேராகக் கீழே இறக்கி, கோலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். தலாங், பாறை, ஷீலா போன்ற வேகமான மீன்களுக்கு ஏற்றது.

சாஃப்ட் பிளாஸ்டிக்: ரப்பர் மாதிரி மிருதுவான மீனோ இறாலோ. ஜிக் ஹெட் எனப்படும் ஈயத்தலை உள்ள முள்ளில் கோப்பார்கள். துடுப்பு மாதிரி வால் இருந்தால் மெதுவாக இழுத்தாலும் அதிர்வு வரும். கலங்கிய தண்ணீருக்கு நல்லது. ஒரே தொல்லை புந்தால் மீன். அதன் பற்கள் கிளி மூக்கு மாதிரி, ரப்பர் வாலைக் கத்தரித்துவிடும். வால் காணாமல் போனால் அங்கே புந்தால் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, உலோக இரைக்கு மாறுங்கள்.

மின்னோ: கடினமான பிளாஸ்டிக் மீன். வாய்க்குக் கீழே உள்ள சின்னத் தகடு இழுக்கும்போது அதைக் கீழே அமிழ்த்தி ஆட்டும். தகடு பெரிதாகச் சாய்ந்து முன்னே நீண்டிருந்தால் ஆழமாகப் போகும், சிறிதாக இருந்தால் மேல்மட்டத்தில் நீந்தும். கல் நிறைந்த கரையில் ஆழமாகப் போவதை வீசினால் சிக்கிக்கொள்ளும்.

பாப்பர்: மேலே மிதக்கும். வாய் குழிவாக இருக்கும். சுண்டி இழுத்தால் 'பொளக்' என்று சத்தத்தோடு தண்ணீர் தெறிக்கும். விடியலிலும் அந்தியிலும், சின்ன மீன்கள் மேலே சிதறி ஓடுவதைப் பார்த்தால் இதைப் போடலாம்.

எகி: கணவாய்க்கானது. இறால் வடிவம், வால்பக்கத்தில் கிரீடம் மாதிரி ஊசிகள். ஜப்பானில் ஆரம்பத்தில் மரத்தில் செதுக்கப்பட்டது. அதன் அளவைக் குறிக்கும் எண்ணும் 'சுன்' என்ற பழைய ஜப்பானிய அளவுதான். 1 சுன் என்பது சுமார் 3 சென்டிமீட்டர். இரண்டு தடவை சுண்டி மேலே தூக்கி, பிறகு மெதுவாக விழவிடுங்கள். பெரும்பாலும் விழும்போதுதான் கணவாய் அணைக்கும். மலேசியாவில் 'சண்டாட் சோத்தோங்' என்று படகில் கூட்டமாகப் போய் இரவில் விளக்கு வெளிச்சத்தில் செய்வதும் இதே வேலைதான்.

அப்போ நிறம்?

கடையில் அதிகம் குழப்புவது நிறம். தண்ணீருக்குள் முதலில் காணாமல் போவது சிவப்பு. கொஞ்சம் ஆழம் போனாலே மங்கிவிடும். நம் பச்சைக் கலங்கலில் மஞ்சளும் பச்சையும் கூடுதல் நேரம் தெரியும். தெளிந்த தண்ணீரும் வெயிலும் இருந்தால் வெள்ளி. இரவில் கறுப்பும் வேலை செய்யும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு, மேலே உள்ள மங்கிய வெளிச்சத்துக்கு எதிரே கறுத்த உருவம் நன்றாகத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. எகி வாங்கப் போனால் நூறு நிறத்தில் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான கணவாய் வகைகளுக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் திறன் கிடையாது. அவை பார்ப்பது வெளிச்சமும் நிழலும் அசைவும்தான். அதனால் ஒரு வெளிர்நிறம், ஓர் அடர்நிறம் என்று இரண்டு எகி இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். மீதி நிறங்கள் நம் கண்ணுக்கும் நம் பணப்பைக்கும் போட்ட தூண்டில்!

முள்ளும் எடையும்

இரை சரியாக இருந்தும் மீன் சிக்கவில்லையா? முள்ளைப் பாருங்கள். முள்ளின் எண் முதலில் குழப்பும். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். அதற்கு மேல் 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். கிழங்கான் மாதிரி சின்ன வாய்க்கு 8 அல்லது 6. சியாகாப் மாதிரி பெரிய வாய்க்கு 1/0க்கு மேல். பெரிய இரைக்குள் சின்ன முள் புதைந்துவிட்டால் மீன் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகும். முள்ளின் கூர்முனை எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.

எடைக்கு உங்கள் தூண்டில் கோலைப் பாருங்கள். பிடிக்கு மேலே '5-20 கிராம்' என்பதுபோல் எழுதியிருக்கும். அந்தக் கோல் வீசக்கூடிய எடை அது. 40 கிராம் ஜிக்கை அதில் கட்டி முழுவேகத்தில் வீசினால் கோல் உடையலாம். 2 கிராம் இரையைக் கட்டினால் காலடியிலேயே விழும். கடைக்குப் போகும்போது கோலையும் எடுத்துக்கொண்டு போனால் பாதிக் குழப்பம் தீரும்.

எங்கே எதைப் பயன்படுத்தலாம்?

இது முக்கியம். தப்பான இடத்தில் போட்டால் அபராதம் கட்ட நேரிடலாம்.

பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் அனுமதித்திருக்கும் இடங்களில் மட்டுமே தூண்டில் போடலாம். இயற்கைக் காப்பகங்களில் கூடாது. சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவிலும் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது.

நீர்த்தேக்கங்களின் விதி வேறு. பொதுப் பயனீட்டுக் கழகம் ஒதுக்கியிருக்கும் இடங்களில் செயற்கை இரையை மட்டும்தான் பயன்படுத்தலாம். உயிர் இரைக்கு அனுமதி இல்லை. நாம் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது என்பதை நினைத்தால் காரணம் புரியும்.

சிலருக்குக் குழப்பம் வருவது மரீனா பக்கம். 2008இல் மரீனா அணைக்கட்டு திறக்கப்படும் முன்பு உள்ளே இருந்ததும் கடல்தான். இப்போது அணையின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீர்த்தேக்கம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் விதி ஒன்றில்லை. சந்தேகம் வந்தால் அங்குள்ள அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். படகுத்துறைகள் பழுதுபார்ப்புக்காக மூடப்படுவதும் உண்டு. கிளம்பும் முன் ஒருமுறை இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

கூட்டம் அதிகமுள்ள இடத்தில் தலைக்கு மேலே சுழற்றி வீசாதீர்கள். பின்னால் சைக்கிளில் பிள்ளைகள் போவார்கள். மும்முள் கொக்கி தொங்கும் மின்னோவை அங்கே பயன்படுத்துவதைவிட, இரையை நேராகக் கீழே இறக்குவது எல்லாருக்கும் நல்லது.

மீனின் உயிரும் உங்கள் தேர்வில்தான்

இரை என்பது மீன் கடிக்குமா என்பதை மட்டும் தீர்மானிப்பதில்லை. கடித்த மீன் திரும்பிப் போனால் பிழைக்குமா என்பதையும் அது தீர்மானிக்கிறது.

வாசனை இரையை மீன் நிதானமாக விழுங்கும். முள் தொண்டைக்கோ வயிற்றுக்கோ போய்விடலாம். அப்படிப்பட்ட மீனை விட்டாலும் பிழைப்பது கடினம். இதற்குத் தீர்வு வட்ட முள். அதன் நுனி தண்டை நோக்கி உள்பக்கம் வளைந்திருக்கும். மீன் விழுங்கிவிட்டு நகரும்போது முள் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். ஒரு நிபந்தனை: கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நரம்பு இறுகும்வரை பொறுத்து, மெதுவாக ரீலைச் சுற்ற வேண்டும். நம் கைக்கு இது கொஞ்சம் பழக வேண்டிய விஷயம்.

செயற்கை இரை பெரும்பாலும் வாயில்தான் மாட்டும். ஆனால் மும்முள் கொக்கி மீனின் கண், செவுள் என்று எங்கும் குத்தலாம். அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடலாம். முள்நுனியில் பின்னோக்கி நிற்கும் கொடுக்கைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவதும் சுலபம், மீனுக்கும் உங்கள் விரலுக்கும்.

எதை விடுவது? சியாகாப் பெரும்பாலும் ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்தபிறகு பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரிய சியாகாப் என்றால் அது முட்டையிடும் தாயாக இருக்க வாய்ப்பு அதிகம். கலவா மீன்களில் பெரும்பாலானவை நேர்மாறு. பெண்ணாகத் தொடங்கும், பெரிதானபின் ஆணாகும். பெரியவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு ஒரு பாதி இல்லாமல் போகும். படம் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அறுந்துபோன நரம்பையும் மறக்காதீர்கள். நைலான் நரம்பு கடலில் மக்காது. பறவையின் காலிலும் ஆமையின் துடுப்பிலும் சுற்றிக்கொள்ளும். கற்கள் நிறைந்த இடத்தில் சிக்கிக்கொள்ளாத இரையைத் தேர்ந்தெடுப்பது உங்கள் காசையும் காப்பாற்றும், அவற்றையும் காப்பாற்றும். கிழிந்த ரப்பர் மீனைத் தண்ணீரில் எறியாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மீன் அதை விழுங்கினால் செரிக்காது.

கையைக் கவனியுங்க

சாதாரண இரைக்கு வரும் மீன்கள் எல்லாம் சாதுவானவை இல்லை. கெளுத்தி இனத்தைச் சேர்ந்த செமிலாங்கின் முள்ளில் விஷம் உண்டு. ஓரா மீனின் முதுகு முள்ளும் அப்படித்தான். திருக்கையின் வாலில் விஷமுள் இருக்கும். வெறுங்கையால் பிடிக்காமல் குறடோ மீன்பிடிப்பானோ பயன்படுத்துங்கள். புந்தால் மீனைச் சமைக்கவே கூடாது. அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பெயர் தெரியாத மீன் எதுவாக இருந்தாலும் சாப்பிடும் முன்பு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

முதல்முறை போறீங்களா? இது போதும்

• ஈரச்சந்தையில் ஒரு கைப்பிடி இறால், ஒரு கணவாய்
• 6ஆம் எண் முள் சில, 1/0 வட்ட முள் சில
• இரண்டு மூன்று எடைகளில் ஈயக்குண்டு
• துடுப்பு வால் உள்ள சாஃப்ட் பிளாஸ்டிக் ஒரு பாக்கெட், அதற்கேற்ற ஜிக் ஹெட்
• உங்கள் கோலுக்குப் பொருந்தும் எடையில் ஒரு வெள்ளி ஜிக்
• குறடு, சின்னக் கத்தரிக்கோல், குப்பைப் பை

போய்ச் சேர்ந்ததும் உடனே தூண்டிலை வீச வேண்டாம். ஐந்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். கலங்கலா, தெளிவா? எந்தப் பக்கம் ஓடுகிறது? மேலே சின்ன மீன் துள்ளுகிறதா? துள்ளினால் வெள்ளி ஜிக். இல்லையென்றால் கணவாய்ப் பட்டையை அடித்தரைக்கு அனுப்புங்கள். அரை மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லையா? இரையை மாற்றும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். தூணுக்கு அருகில், நிழலில், ஓட்டம் திரும்பும் மூலையில்.

பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் "அங்கிள், இன்னிக்கு எதுக்குக் கடிக்குது?" என்று கேட்கவும் தயங்காதீர்கள். சீனமோ மலாயோ தமிழோ, படகுத்துறையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசைப்படாதவர்கள் குறைவு. அன்றைய கடலை அன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.